மூத்த ராணி சிலாவத்துறையில் இருந்த காலம்

சரீபா எழுதிக்கொண்டிருந்த நாவலின் மூத்த ராணி, கதை ஊர்ந்து போவதைப் பொறுக்க முடியாமல், மீள்குடியேற்றத்தின் இரண்டாம் வருடம் நஞ்சு வைத்த மோதிரத்தோடு சிலாவத்துறைக்கு வந்து சேர்ந்தாள். ஊரை விட்டு விரட்டப்பட்டு இருந்த புத்தளத்து அகதி முகாமில் தொடங்கிய நாவல் அது. அதில் அரசன் குதிரையில் ஏறி முடிக்கவே ஒரு மாரி கழிந்தது. இளைய ராணிக்கு ஆண்பிள்ளை பிறந்தால் தன் மகனுக்கு மணிமுடி இல்லை, அதற்குள் அவளை முடித்துவிட வேண்டும் என்று மூத்தவள் அவசரப்பட்டாள். "பொறுங்கோ, அவவுக்கு இன்னும் வயித்தில தங்கவே இல்ல" என்று சரீபா தேத்தண்ணி கொடுத்தாள். மீன்பிடித்துக் கடலால் வந்த புருஷன் மீராசாஹிபு, கதிரையில் மணிமுடியோடு இருந்தவளைப் பார்த்து, "வந்தவ சாப்பிட்டாவோ?" என்று மட்டும் கேட்டார்.

மூத்த ராணி மூன்று வருடம் காத்திருந்தாள். தண்ணீர் பவுசர் வண்டி வந்தால் வாளியோடு வரிசையில் நின்றாள், சூடை மீன் கழுவப் பழகினாள், தகரக் கூரையின் வெக்கையை வாயாரத் திட்டினாள். வன்மம் மட்டும் ஆறவில்லை. பிள்ளையில்லாத சரீபா இளையவளைச் சிறுமியிலிருந்து எழுதி வளர்த்தவள். அவள்மேல் உயிரையே வைத்திருந்தாள். ஆனாலும் கதை மாந்தர் செய்வதைத் தடுப்பதில்லை என்று சத்தியம் செய்திருந்தாள். பிடித்தால் குரங்குப் பிடிதான் அவளுடையது.

கடைசியில் விருந்து அத்தியாயம் வந்தது. ஹஜ்ஜுப் பெருநாளன்று இளைய ராணியும் நிறைவயிற்றோடு வந்து இறங்கினாள். அரண்மனை விருந்தைச் சரீபா எங்கே கண்டாள்? ஊர் வழக்கப்படி ஒரே சஹனில் சோறும் இறைச்சியும் வைத்துப் பெண்களை அந்தப் பெரிய தட்டத்தைச் சுற்றி இருத்தினாள். மூத்தவள் மோதிரத்தைத் திறந்து இளையவள் பக்கத்து இறைச்சியில் நஞ்சைத் தூவினாள். சரீபா அதைக் கண்டும், செய்த சத்தியத்துக்காக வாயைப் பொத்திக்கொண்டாள். சஹனில் தன் பக்கத்து நல்ல துண்டை அடுத்தவருக்குத் தள்ளிவிடுவதுதான் மரியாதை. அந்த மரியாதையில் வளர்ந்த இளையவள், "ராத்தா, நீங்கள் மெலிஞ்சு போனீங்கள். இதைத் தின்னுங்கோ" என்று அதே துண்டைத் தள்ளினாள். மகாராணி என்றே கேட்டுப் பழகிய காதுக்கு அக்கா முறை புதிது. மெலிந்ததை அதுவரை யாரும் கவனித்ததும் இல்லை. துண்டையே பார்த்துக்கொண்டிருந்த மூத்தவள் சஹனை அப்படியே மணலில் கவிழ்த்தாள்.

"சோத்தைக் கொட்டிட்டீங்களே, பாவி!" என்று ஏசியபடியே சரீபா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு மறுபடி உலை வைத்தாள்.

கொலையில்லாமல் கதை எப்படி ஓடும் என்று மீராசாஹிபு கவலைப்பட்டார். "ஓடாட்டி நடக்கட்டும்" என்றாள் சரீபா. அடுத்த மாதம் இளையவளுக்கு அந்த வீட்டிலேயே நோவு கண்டது. தகப்பன் எங்கே என்று மருத்துவிச்சி கேட்டதற்கு, நாவலில் இருக்கிறார் என்றார்கள். அவள் சரியென்று வெந்நீர் கேட்டாள். பிறந்தது ஆண்பிள்ளை. முதலில் கையில் வாங்கியவள் மூத்த ராணி.