ஜும்ஆவுக்குள் ஒரு டிஸ்க்

பூந்தமல்லியில் என் அண்ணன் ஷவுகத் அலி நடத்தும் மருந்து மொத்த வியாபாரத்தில் பில்லிங் என் பொறுப்பு. பிள்ளைகள் வளர்ந்த பிறகு வீட்டில் சும்மா உட்கார்ந்து பைத்தியம் பிடிக்க இருந்த எனக்கு, கடைக் கணக்கு முழுவதையும் தாங்கும் சர்வர் கம்ப்யூட்டர் இருக்கும் அந்தச் சின்ன அறைதான் உயிர்.

மழைக்காலக் காய்ச்சல் பரவி கூட்டம் கூடியதும் அந்தச் சர்வர் திணற ஆரம்பித்தது. ஒரு மருந்தின் பெயரை அடித்தால் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் திரையில் வருவதற்குள் மெடிக்கல் ஷாப்காரர்கள் டீ குடித்துவிட்டே வந்துவிடுவார்கள். சிலர் டீ குடிக்கப் போய், அப்படியே எதிர்க் கடையில் சரக்கு வாங்கிக்கொண்டு போனார்கள்.

அண்ணன் கம்ப்யூட்டர் விற்கும் ஜஸ்டினைக் கூப்பிட்டார். அவன் சர்வரைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"பிராசஸர் பழசு பாய். பெரிய மெஷினா புதுசே போட்டுடலாம்" என்றான்.

பெரியது என்று சொன்னால் போதும், அண்ணன் மயங்கிவிடுவார். அவர் வீட்டு ஃப்ரிட்ஜைப் பார்த்தால் கல்யாண மண்டபத்திலிருந்து தூக்கிவந்ததோ என்று தோன்றும். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. கூட்டம் நெரியும் நேரமாகப் பார்த்து, சர்வரில் எது எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் திரையைத் திறந்துவைத்து, அவரைக் கையைப் பிடித்து இழுத்துவந்தேன்.

"இத பாருண்ணே. பிராசஸர் சும்மா குந்திகினு கீது. மெமரிலயும் பாதி காலி. இந்தப் பழைய ஹார்ட் டிஸ்க்குதான் மூச்சு முட்டிகினு கீது. சமையல்காரன் ரெடியா நிக்கிறான், அரிசிதான் வந்து சேரல. இன்னொரு சமையல்காரன வச்சு இன்னா பிரயோஜனம்?"

"ஜஸ்டின் இதே தொழில்ல கீறவன்."

"நான் இதே ரூம்ல கீறவ. இதுக்குப் பதிலா வேகமா ஓடுற எஸ்எஸ்டி டிஸ்க் ஒண்ணு மாட்டுனா போதும்."

அண்ணன் தாடியைத் தடவினார். "சரி. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு ஷட்டர எறக்குவோமில்ல, அதுக்குள்ள மாத்து. சரிவரலேன்னா புது மெஷினு, பில்லிங்கு எல்லாம் ஜஸ்டின் கைலதான். நீ ஊட்ல ரெஸ்ட் எடு."

ரெஸ்ட்டாம்! சுருக்கென்று தைத்தது எனக்கு.

வெள்ளிக்கிழமை ஆண்கள் தொழுகைக்குக் கிளம்பினார்கள். காலையிலேயே பேக்கப் எடுத்துவைத்திருந்தேன். நானும் கவுண்டரில் பில் போடும் மோகனப்பிரியாவும் பழைய டிஸ்க்கில் இருந்ததையெல்லாம் புதியதற்கு மாற்றினோம். புதியதை மாட்டி சுவிட்சைப் போட்டால் திரை கறுப்பாகவே இருந்தது. டிஸ்க்கே இல்லை என்று ஒரு வரி மட்டும் வந்தது.

"அக்கா, வெளிய பைக்கா வந்து நின்னுகினு கீது" என்றாள் மோகனப்பிரியா, ஷட்டர் இடுக்கில் எட்டிப் பார்த்து.

"நிக்கட்டும்டி!" என்று கத்தினேன். பயந்துபோயிருந்தேன், அதனால்தான் கத்தினேன். கேபிளைப் பிடுங்கி, அழுத்திச் சொருகி, பிஸ்மில்லா சொல்லி மறுபடி சுவிட்சைப் போட்டேன். வந்துவிட்டது!

ஷட்டரைத் தூக்கியதும் கூட்டம் உள்ளே பாய்ந்தது. ஜும்ஆ முடிகிற வேளைதான் எங்களுக்கு எப்போதும் நெரிசல். மோகனப்பிரியா மருந்தின் பெயரை முழுதாக அடிக்கும் முன்பே பேட்ச் வந்து நின்றது. பிரிண்டரால்தான் ஈடுகொடுக்க முடியவில்லை. வழக்கம்போல டீ குடிக்கத் திரும்பிய மாங்காடு மெடிக்கல் ஷாப் தமிழரசுவைக் கைதட்டிக் கூப்பிட வேண்டியதாயிற்று.

"அதுக்குள்ள என் பில்லா? வேற யாருதாவது இருக்கப்போவுது, பாருக்கா" என்று அவர் இரண்டு முறை சரிபார்த்தார்.

மசூதியில் தெரிந்தவர்களோடு பேசிவிட்டு அண்ணன் மெதுவாக வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். கவுண்டரில் ஒரு ஈ காக்கை இல்லை.

"இன்னா வஹீதா, மெஷின் படுத்துகிச்சா? எல்லாரும் எதிர்க் கடைக்குப் பூட்டானுங்களா?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மோகனப்பிரியாதான் பில் நகல்களை அள்ளி அவர் முன்னால் வைத்தாள்.

"எல்லாருக்கும் சரக்கு குடுத்து அனுப்பியாச்சு பாய்."

அவர் நம்பவில்லை. தானே உட்கார்ந்து ஒற்றை விரலால் ஒரு மருந்தின் பெயரை அடித்தார். வந்தது. வேறொன்றை அடித்தார். அதுவும் வந்தது. சின்னப் பிள்ளை போல அடித்துக்கொண்டே இருந்தார்.

அப்போது போன் அடித்தது. புது மெஷின் தயார், கொண்டுவரட்டுமா என்று ஜஸ்டின் கேட்பது எனக்கும் கேட்டது.

"இந்த ரூமுக்கு எது வேணும், எது வேணாம்னு என் தங்கச்சிதான் சொல்வா. அவகிட்டயே கேளு" என்று அண்ணன் போனை என்னிடம் நீட்டினார்.