அர்ச்சுனனுக்கு ஒரு தனி மங்கு

மத்தியானம் ரப்பர் பால் அளந்து முடிந்ததும் தோட்டத்து ஆட்கள் குளிக்கப் போவார்கள். அர்ச்சுனன் மட்டும் வேட்டியை முழங்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு செம்மண் சாலையில் இறங்கி ஓடுவான். அவனுக்குப் பின்னால் ஒரு சைக்கிள் வரும். சைக்கிளில் கங்காணி சபாபதி. இடுப்பில் துரை கொடுத்த கடிகாரம், தலையில் உருமால். "காலை எட்டிப் போடுடா" என்று அவர் போடும் சத்தம் கித்தா என்கிற ரப்பர் மரங்களுக்குள் போய்த் திரும்பி வரும். விடியுமுன் எழுந்து மரத்தில் பால் வெட்டி, வாளி சுமந்து, அரை வயிற்றோடு நிற்பவனை இப்படி விரட்டலாமா என்று கேட்க அங்கே ஆளில்லை. அர்ச்சுனனும் கேட்டதில்லை. அவனுக்கு ஓட்டம் என்றால் பைத்தியம்.

தோட்டத்திலிருந்து பாலோ டவுனுக்குப் பதின்மூன்று மைல். போய்த் திரும்பினால் மாரத்தான் தூரம். சுற்றுப்பக்கத்துத் தோட்டங்களெல்லாம் சேர்ந்து வருஷம் ஒருமுறை அந்தச் சாலையில் பந்தயம் வைத்தன. மூன்றரை மணி நேரத்துக்குள் ஓடி முடிப்பவனுக்கு ஒரு வெள்ளிக் கோப்பை. அதோடு சிங்கப்பூரில் நடக்கும் பெரிய ஓட்டத்துக்கும் அனுப்புவதாகத் துரைமார் சொல்லியிருந்தார்கள். போன வருஷம் அர்ச்சுனன்தான் முதலில் வந்தான். ஆனால் கடிகார முள் அவனுக்குக் கொஞ்சம் முந்தி வந்துவிட்டது. அன்றிலிருந்து அவன் பேச்செல்லாம் அந்த முள்ளைப் பற்றித்தான். சோறு போடும்போதும் அதே பேச்சா என்று மனைவி அங்கம்மா சலித்துக்கொள்வாள். சலித்துக்கொண்டே இன்னொரு கரண்டி போடுவாள்.

சபாபதிக்கும் அந்த வெறி தொற்றியிருந்தது. பெக்கோக் பக்கத்துக் கங்காணிமார் முன்னால் மீசையை முறுக்க அவருக்கு வேறு வழி இல்லை. குளுவாங் சந்தைக்குப் போனால் "நம்ம அர்ச்சுனன்" என்று வாய் நிறையச் சொல்வார். அந்த 'நம்ம' அவர் வீட்டு வாசற்படி வரைக்கும்தான். அர்ச்சுனன் கடைசி லயத்துக்காரன், அதாவது கூலிகளின் வரிசை வீடுகளில் கீழ்ஜாதி என்று ஒதுக்கிய கடைசி வரிசைக்காரன். கடைசி லயத்தார் கங்காணி வீட்டுப் படி ஏறக்கூடாது, மேல் லயத்துக் குழாயைத் தொடக்கூடாது. நாகப்பட்டினத்தில் கப்பலேறிய இந்தச் சபாபதி, கப்பலில் எல்லாரோடும் வரிசையில் நின்று ஒரே அண்டாக் கஞ்சியை வாங்கிக் குடித்தவர்தான். பசி போனதும் ஜாதி ஞாபகம் வந்துவிட்டது.

பந்தயச் சாலையில் நாலைந்து இடத்தில் வாளியும் பித்தளை டம்ளரும் வைத்திருப்பார்கள். மற்ற ஓட்டக்காரர்கள் கை நீட்டுவார்கள், டம்ளர் கைக்கு வரும், ஓட்டத்தோடு ஓட்டமாகக் குடித்துவிட்டுப் போவார்கள். அர்ச்சுனனுக்கு அது கிடையாது. அவன் நின்று, குனிந்து, இரண்டு கையையும் குவித்து வாயருகே வைத்துக்கொள்ள வேண்டும். சபாபதியின் மச்சினன் ஜெயபாலன் மாதிரி ஆட்கள் எட்ட நின்று உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். பாதி வாய்க்குள் போகும், மீதி மண்ணுக்குப் போகும். குனிந்தவன் நிமிர்ந்து மறுபடி மூச்சைப் பிடித்து ஓட்டத்துக்கு வருவதற்குள் முள் நகர்ந்துவிடும்.

இது அர்ச்சுனனுக்கு நன்றாகவே தெரியும். ஒருநாள் ஓட்டம் முடிந்து, சைக்கிளுக்குப் பத்தடி தள்ளி நின்றபடி, தலையைச் சொறிந்துகொண்டு கேட்டுவிட்டான்.

"ஐயா, என் கால்ல குறை இல்லைங்க. தண்ணிக்கு நிக்கிற இடத்துலதான் நேரம் போவுது. பாலோவுல சாதிக் பாட்சா பாய் கிளாஸைக் கையிலயே கொடுக்குறாரு. அங்க நான் நிக்கிறதே இல்லை. அதே மாதிரி இங்கயும் ஒரு டம்ளர் கையில கொடுத்தா போதும் ஐயா. சிங்கப்பூருக்கு நம்ம தோட்டத்துப் பேரு போயிடும்."

உண்மைதான். பாலோவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த சாதிக் பாட்சா, பந்தயத்தன்று கடை வாசலிலேயே நின்று, கிளாஸைக் கையில் திணித்து, "லெக்காஸ், லெக்காஸ், சீக்கிரம்" என்று அவனோடு நாலு எட்டு தானும் ஓடுவார். குடித்த கிளாஸைக் கழுவி, அடுத்த ஆளுக்கு அதில் தேத்தண்ணி ஊற்றுவார்.

சபாபதிக்கு முகம் கடுத்துவிட்டது. பாய் கடை வேறு, நம் ஆட்கள் வேறு என்றார். நீ வாய் வைத்த டம்ளரில் பெக்கோக்காரன் குடிப்பானா, தோட்டத்துக்கே தலைகுனிவு என்றார். அப்படியானால் அங்கம்மா எங்கள் டம்ளரோடு வந்து நிற்கட்டுமா என்று அர்ச்சுனன் கேட்டதற்கு, தண்ணீர் வைக்கிற இடத்தில் கடைசி லயத்துப் பொம்பளை நின்றால் அந்த வாளியை எவன் தொடுவான் என்று எரிந்து விழுந்தார்.

ஆனாலும் மனிதருக்குத் தூக்கம் வரவில்லை. ஜாதியும் போகக்கூடாது, பந்தயமும் போகக்கூடாது. புரண்டு புரண்டு படுத்து ஒரு வழி கண்டுபிடித்தார். பால் பிடிக்க மரத்தில் கட்டுகிற மங்கு என்னும் கிண்ணம் ஒன்றை அர்ச்சுனனுக்கென்று தனியாக ஒதுக்கிவிடுவது. தோட்டத்துக்கு வெகு பக்கத்தில், கடைசி மைலில் இருக்கிற தண்ணீர் இடத்தில் ஒரு மரக்கட்டை மேல் அதை வைத்து, தொடாமல் மேலிருந்து தண்ணீர் ஊற்றி நிரப்பி வைப்பது. அவன் வந்து எடுத்துக் குடித்துவிட்டுப் போகட்டும். எவ்வளவு பெரிய மனசு நமக்கு என்று அவருக்கே தம்மேல் ஒரு மரியாதை வந்தது. காலையில் அர்ச்சுனனைக் கூப்பிட்டுச் சொன்னபோது அவன் கையெடுத்துக் கும்பிட்டான். கும்பிட்டதைத்தான் அங்கம்மாவால் கடைசிவரை மறக்க முடியவில்லை.

ஒத்திகை ஓட்டம் ஒன்று வைத்துப் பார்த்தார்கள். மங்கு பலித்தது. நிற்காமல் எடுத்தான், ஒரே மடக்கில் விழுங்கினான், பறந்தான். கடிகாரத்தைப் பார்த்த சபாபதி சைக்கிளிலிருந்தே குதித்துவிட்டார். இந்த வருஷம் அந்த முள்ளை ஜெயித்தாயிற்று என்று லயம் முழுக்கப் பேச்சு.

அந்த மங்கு என்ன ஆனது? அதை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. கடைசி லயத்தான் வாய் வைத்ததை எவன் வீட்டில் வைப்பான்? ஜெயபாலன் வேலை செய்தது ஸ்டோரில், அதாவது பாலை உறைய வைத்து ரப்பர் தகடு போடும் கொட்டகையில். மங்கைக் கட்டியிருந்த கம்பி வளையத்தில் ஒரு குச்சியைக் கொடுத்துத் தூக்கிக் கொண்டுபோய் அந்தக் கொட்டகையின் பின்சுவர் ஓரம் போட்டான். சுவரோரம் கிடந்ததை அங்கே வேலை செய்த இன்னொருவன் எடுத்து, பாலில் விடும் அசிட்டை ஜாடியிலிருந்து முகந்து ஊற்ற வைத்துக்கொண்டான். அவனுக்கு அது அர்ச்சுனன் மங்கு என்று தெரியாது. முகந்து முடித்ததும் மிச்சத்தைக் கொட்டாமல் பழையபடி சுவரோரம் வைத்துவிட்டான்.

பந்தய நாள் காலை ஜெயபாலன் வந்து அதே குச்சியால் அதைத் தூக்கினான். அடியில் இரண்டு விரல் அளவுக்குத் தண்ணீர் மாதிரி ஏதோ கிடந்தது. ராத்திரி மழைத் தண்ணீர் என்று நினைத்தான். கொட்டிக் கழுவ வேண்டுமானால் கையால் தொட வேண்டும். அர்ச்சுனன் வாய் வைத்த மங்கு; அதை இவன் கழுவுவதா? சிந்தாமல் தூக்கிப் போய்க் கட்டை மேல் வைத்து, அதன்மேலேயே வாளித் தண்ணீரை ஊற்றி நிரப்பினான். புளித்த வாடை அடித்தது. ஸ்டோரிலேயே கிடக்கிறவன் மூக்குக்கு அது வாடையாகவே படவில்லை.

அர்ச்சுனன் அன்றைக்கு ஓடின ஓட்டத்தைப் பார்த்தவர்கள் கிழவர்களான பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பாலோவில் சாதிக் பாட்சா கிளாஸோடு நாலு எட்டு ஓடியும் அவனோடு ஈடு கொடுக்க முடியாமல் நின்றுவிட்டாராம். திரும்பும் வழியில் வெயில் ஏறியது. நடுவில் இருந்த தண்ணீர் இடங்களில் குனிந்து நிற்க அவனுக்கு மனம் வரவில்லை. கடைசி மைலில் நம் மங்கு இருக்கிறது என்று தாகத்தை அடக்கிக்கொண்டே வந்தான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கட்டை மேல் மங்கு தெரிந்ததும் சிரித்தான் என்று ஜெயபாலனே பின்னால் சொல்லி அழுதான். எடுத்தான், ஒரே மடக்கில் விழுங்கினான்.

ஐயோ, அந்த வேதனையை எழுதக் கை வரவில்லை. மங்கு உருண்டது. தொண்டையைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினான். அப்படியே விழுந்திருந்தாலும் யாராவது தூக்கியிருப்பார்கள். அவன் விழவில்லை. ஒரு வருஷமாக அவன் கண்ட கனவு ஒரு மைல் தள்ளி நின்றது. வாயில் நுரையும் ரத்தமுமாக அந்த ஒரு மைலையும் ஓடினான்.

எல்லைக் கயிற்றைத் தாண்டியபோது முள் மூன்றரையைத் தொடவில்லை. சபாபதி உருமாலைக் கழற்றி வீசினார். ஓடி ஓடி வாய் நுரைத்திருக்கிறது, நாக்கையும் கடித்துக்கொண்டான் என்று துரை உட்பட எல்லாரும் நினைத்தார்கள். அர்ச்சுனன் மண்ணில் விழுந்து புரண்டான். பேச்சு வரவில்லை. வாயைக் காட்டினான், தண்ணீர் வாளியைக் காட்டினான். வாளிக்குப் பக்கத்தில் டம்ளர்கள் வரிசையாக இருந்தன. சபாபதியின் கையிலேயே மோர் டம்ளர் ஒன்று இருந்தது.

சபாபதி டம்ளரைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சத்தம் போட்டார்:

"டேய், அவன் மங்கு எங்கடா? மங்கு கொண்டாங்கடா!"

இரண்டு பேர் மங்கு எடுக்க ஓடினார்கள். மற்றவர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். அங்கம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, வாளிக்குள் இரண்டு கையையும் விட்டு அள்ளி அவன் வாயில் ஊற்றினாள். வாளியைத் தொட்டுவிட்டாளே என்று யாரோ திட்டியதும் அவள் காதில் விழுந்தது.

லாரியில் குளுவாங் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். தொண்டையும் வயிறும் அசிட்டில் வெந்துவிட்டது என்றார் டாக்டர். மூன்று நாள் கிடந்தான். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே இறங்காமல், தாகம் தாகம் என்று கையால் காட்டியபடியே செத்துப்போனான்.

விஷயம் தெரிந்ததும் சபாபதி மச்சினனைப் பிடித்து உலுக்கினார். மங்கு கழுவினாயா இல்லையா என்று கேட்டார்.

"அவன் குடிச்ச மங்கு மச்சான்," என்றான் ஜெயபாலன் அழுதுகொண்டே. "நீங்களா இருந்தா கழுவியிருப்பீங்களா?"

அடிக்க ஓங்கிய கை அப்படியே நின்றது. கழுவியிருக்க மாட்டார். அது அவருக்குத் தெரியும். இருந்தாலும் துரை விசாரித்தபோது, தாகத்தில் அவனே ஸ்டோர் பக்கம் ஒதுங்கி எதையோ எடுத்துக் குடித்திருப்பான் என்று கூசாமல் சொன்னார். துரையும் அதற்குமேல் கேட்கவில்லை. வெள்ளிக் கோப்பையை எடுத்து, அவன் பெண்டாட்டியிடம் கொடுத்துவிடு என்றார்.

கோப்பையைத் துணியில் சுற்றிக்கொண்டு சபாபதி முதல்முறையாகக் கடைசி லயத்துக்குப் போனார். அங்கம்மா வாசலில் உட்கார்ந்திருந்தாள். கோப்பையை அவள் கையில் கொடுக்கத்தான் நினைத்தார். ஆனால் பழகிப்போன கை, அதை மண்ணில் வைத்து அவள் பக்கம் தள்ளிவிட்டது.

அங்கம்மா அந்தக் கையைப் பார்த்தாள். கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தன் வீட்டுப் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு அதை நிரப்பிக்கொண்டு வந்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். ஐயா என்று அவள் கூப்பிடவில்லை.

"கழுவித்தான் கொண்டாந்திருக்கேன். குடிங்க கங்காணி."

லயத்து ஆட்கள் கதவுக்குக் கதவு நின்று பார்த்தார்கள். சபாபதி ஒரு எட்டு பின்வாங்கினார். திரும்பிப் போய்விடலாம், இவள் என்ன செய்துவிட முடியும்? ஆனால் புரண்டு புரண்டு வாயைக் காட்டியவன் கண்ணுக்குள்ளேயே நின்றான். இரண்டு கையாலும் வாங்கினார். விரல் அவள் விரலில் பட்டது. பல்லில் கோப்பை மோத மோதக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டுப் பெரிய குரலில் அழுதார். என்னை மன்னித்துவிடு என்றார். உண்மையைத் துரையிடம் போய்ச் சொல்கிறேன், இனிமேல் இந்தத் தோட்டத்தில் யாருக்கும் தனி மங்கு கிடையாது என்றார்.

அங்கம்மா அழவில்லை. காலிக் கோப்பையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"குடிச்சிட்டீங்க. என்ன ஆச்சு உங்களுக்கு? ஒண்ணும் ஆகலையே. இந்த ஒண்ணுமில்லாத விஷயத்துக்குத்தான் என் புருஷனைக் கொன்னுட்டீங்க."