பெயிண்டருக்கு ஒட்டாத பேர்

பஸ் ரிப்பேர் பட்டறையில் பட்டப்பேர் வைக்கிற உரிமை ஸ்டோர் அக்காவுடையது. யாரும் கொடுத்ததில்லை, அவளாக எடுத்துக்கொண்டாள். கம்பி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுத்தபடியே ஆளை ஒரு பார்வை பார்ப்பாள். மறுநாள் பேர் ஒட்டிக்கொள்ளும். எந்த வேலையையும் நகரவிடாத ஃபோர்மேன் 'ஹேண்ட் பிரேக்'. காலையில் சொன்னதை மத்தியானம் மாற்றுகிற எலக்ட்ரீஷியன் 'ரிவர்ஸ்'. தனக்கும் ஒன்று வைத்துக்கொண்டிருந்தாள்: 'துரு'.

"நம்ம பேரு நமக்கே கொஞ்சம் உறுத்தணும். இல்லேன்னா அது பேரில்ல, பவுடர் பூச்சு" என்பாள்.

அப்படிப்பட்டவளிடம் புது பெயிண்டர் முதல் நாளே வந்து, "என்னை எல்லாரும் புயல்னுதான் கூப்பிடுவாங்க அக்கா" என்றான்.

"எல்லாரும்னா?"

"ஃப்ரெண்ட்ஸ்."

"அவங்களுக்கு அந்தப் பேரைச் சொல்லிக் குடுத்தது யாரு?"

அவன் பல்லைக் காட்டினான்.

பெயிண்ட் அடிக்குமுன் ஒரு கதவைச் சுற்றிக் காகிதம் ஒட்டவே அரைநாள் எடுத்துக்கொள்கிற புயல்! தன் தகரப் பெட்டியில் சிவப்பில் 'புயல்' என்று எழுதி, கீழே ஒரு சுழியும் போட்டான். அதோடு விட்டானா? டயர்காரருக்கு 'இடி' என்றும் வெல்டருக்கு 'மின்னல்' என்றும் வைத்தான்.

"வானிலை அறிக்கை வாசிக்கிறான் பாரு" என்று அக்கா முகத்தைச் சுளித்தாள்.

'இடி அண்ணே' என்று அவன் தொண்டை கிழியக் கத்தினாலும் டயர்காரர் திரும்பமாட்டார். தன்னைத்தான் கூப்பிடுகிறான் என்று அந்த மனுஷனுக்குத் தெரிந்தால்தானே.

இரண்டு மாதமாகியும் புயல் ஒருவர் வாயிலும் நுழையவில்லை. ஒருநாள் பெயிண்டர் ஜன்னலில் வந்து நின்றான்.

"அக்கா, நீங்களே ஒண்ணு வெச்சுடுங்க. கேவலமா இருந்தாலும் பரவால்ல."

கெஞ்சிப் பேர் வாங்க வந்த முதல் ஆள். சரி, பார்ப்போம் என்று மூன்று நாள் அவனையே கவனித்தாள். நேரத்துக்கு வந்தான், நேரத்துக்குப் போனான். யாரையும் திட்டவில்லை, எதையும் திருடவில்லை. அவனுடைய பொய்யில்கூட உப்பு இல்லை.

நாலாம் நாள் வரிசையில் நின்றவனிடம் எல்லார் காதிலும் விழும்படிச் சொன்னாள்: "தம்பி, பேரை மாட்ட ஆளுகிட்ட ஒரு ஆணியாவது வேணும். உன்கிட்ட ஒண்ணுமில்ல."

அவன் முகம் செத்துவிட்டது. திரும்பப் போனவன் நின்றான்.

"ஒண்ணுமில்லாதவனை எதுக்குக்கா மூணு நாளா பாத்துக்கிட்டே இருந்தீங்க?"

பின்னால் நின்ற எலக்ட்ரீஷியன் கொல்லென்று சிரித்தார். இரண்டு மாதத்தில் அவன் பேசிய உருப்படியான ஒரே பேச்சு. அந்தக் கணமே அவனுக்கு ஒரு பேர் அக்காவின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. கச்சிதமான பேர், சாகிறவரை உரிக்க முடியாத பேர்.

அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்தாள். இவ்வளவு நல்ல சரக்கை இவன்மேலா வீணாக்குவது?

வந்த பேரை விழுங்கிவிட்டு, "அடுத்தது யாரு? என்ன வேணும்?" என்று கத்தினாள்.

இன்றுவரை அவன் வெறும் பெயிண்டர்தான்.