ஒப்பாரியை மறித்த பபூன்

மர ஈட்டியைக் குறுக்கே நீட்டிக்கொண்டு அவர் என்னைப் போகவிடாமல் நிற்கிறார், அவருக்குப் பின்னால் போர்க்களம், அதாவது மேடை மூலையில் வேட்டியைப் போர்த்திப் படுத்திருக்கும் ராஜபார்ட் நடிகர், நான் செத்த ராஜாவின் தங்கை, தலையை விரித்துப்போட்டு அண்ணன் உடம்பைத் தேடி வந்திருக்கிறேன், விழுந்து புரண்டு ஒப்பாரி பாட வேண்டும், அந்த ஒப்பாரியைக் கேட்கத்தான் பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் டிராக்டரில் ஆள் வருகிறது, ஆனால் களத்துக்குக் காவல் நிற்கும் பபூன் சேவுகன் அண்ணன் நகர்கிற வழியாக இல்லை, ஒங்கண்ணனுக்கு அடையாளம் சொல்லு தாயி, மீசை உண்டா, உண்டு, இங்க கெடக்குற அம்புட்டுப் பேருக்கும் மீசை உண்டு, மீசை இல்லாதவன் நான் ஒருத்தன்தான், அதான் உசுரோட நிக்கிறேன் என்கிறார், கூட்டம் குலுங்குகிறது.

அழுகைக்கு முன்னால் கொஞ்சம் சிரிக்கவைப்பது எங்கள் ஆட்டத்தின் முறைதான், சிரித்து இளகின மனசுதான் நன்றாக அழும் என்று அவரே சொல்வார், ஆனால் ஒரு பாட்டு, கொஞ்சம் பேச்சு, அத்தோடு ஈட்டியை எடுத்துவிட வேண்டும், எடுக்கவில்லை, எங்களுக்கு ஒத்திகை கிடையாது, ஆளுக்கொரு ஊரிலிருந்து வந்து மேடையில்தான் சந்திப்போம், ஒருவர் எவ்வளவு நீட்டினாலும் மற்றவர் ஈடுகொடுத்துத்தான் ஆக வேண்டும், வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைக்கிறானே இந்த மனுஷன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன், போன திருவிழாவில் எனக்கு மட்டும் மாலை போட்டார்கள், அந்தப் பொறாமைக் காந்தல்தான், வேறென்ன, பாம்பின் கால் பாம்பறியாதா, ஆனால் அவர் பேசிக்கொண்டே ஆர்மோனியக்காரரை ஏன் பார்க்கிறார், ஆர்மோனியக்காரர் ஏன் என்னைப் பார்க்காமல் கட்டைகளைப் பார்க்கிறார், விழாக் கமிட்டித் தலைவர் மேடையோரம் வந்து ஏன் கையைக் கட்டி நிற்கிறார், எல்லாரும் சேர்ந்து ஏதோ செய்கிறார்கள், எனக்கெதிராகத்தான், பட்டப்பகல்போல விளக்கு எரிகிற மேடையில் எனக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை.

சேவுகன் அண்ணன் குனிந்து பிணத்தின் மூக்கருகே காதை வைக்கிறார், ஒங்கண்ணன் கொறட்டை விடுவாரா தாயி, விடுவார் என்கிறேன், இங்க சத்தமே இல்லையே, அப்ப இது ஒங்கண்ணன் இல்ல, வேற ஆரோ, நீ வீட்டுக்குப் போ என்கிறார், எனக்குச் சட்டென்று என் தம்பி பூமிநாதனின் குறட்டை ஞாபகம் வந்துவிட்டது, அம்மா போன பிறகு நான் தூக்கி வளர்த்த பிள்ளை, அவன் தூங்கினால் அலமாரிப் பாத்திரம் அதிரும், ஒருமுறை எங்கள் வீட்டில் படுத்த சேவுகன் அண்ணனே பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடினார், மேடையில் ஒருநாளும் சிரிக்காதவள் நான், அன்றைக்குச் சிரித்துவிட்டேன், பிணத்துக்கு முன்னால், தலைவிரிகோலமாக, வயிறு வலிக்கச் சிரித்தேன், அவர் என்னையே பார்த்தார், உடனே ஆர்மோனியத்தின் பக்கம் கையைக் காட்டி, மங்களம் பாடு என்றார்.

ஒப்பாரி பாடாமலே ஆட்டம் முடிந்தது. ஒப்பனை அறையில் அவரை வாய்க்கு வந்தபடி கரித்துக்கொட்டினேன், அவர் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார், மொகத்தைக் கழுவு தாயி, ஊருக்குப் போகணும், அப்போதும் நான் சந்தேகம்தான் பட்டேன், காரிலும் அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார், எங்கள் தெரு முனையில் பந்தல் போட்டிருந்தார்கள், பைக்கில் போன பூமிநாதனை லாரி அடித்துவிட்டதாம், நான் மேடையேறிய கொஞ்ச நேரத்திலேயே ஆர்மோனியக்காரருக்குப் போன் வந்துவிட்டதாம், பாதியில் ஆட்டம் நின்றால் ஊருக்கு ஆகாது என்று தலைவர் சொல்லிவிட்டாராம், எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, நான் சிரித்தபோது எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

சேவுகன் அண்ணன் அந்தச் சிரிப்பை எனக்குக் கொடுத்தாரா, என்னிடமிருந்து திருடினாரா என்று இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை, ரொம்ப நாள் கழித்துச் சிவகங்கை பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது கேட்டேன், ஏண்ணே என்னைப் பாடவிடல, அவர் டம்ளரையே பார்த்துக்கொண்டு சொன்னார், அங்கன பாடித் தீத்துட்டா ஒந்தம்பிக்குன்னு என்ன தாயி மிச்சம் இருக்கும், பாதி நம்பினேன், பபூன் பேச்சை முழுதாக நம்ப என்னால் முடியாது.

ஆனால் அன்றைக்குப் பாட்டு மிச்சம்தான் இருந்தது, பூமிநாதனின் தலைமாட்டில் உட்கார்ந்ததும் அது வந்துவிட்டது, மேடையில் பாடாமல் விட்ட அதே பாட்டு, அதே ராகம், எனக்கு வேறு ஒப்பாரி தெரியாதே, தெருப் பெண்கள் மூக்கில் விரலை வைத்தார்கள், நாடகத்துல அழுகுற மாதிரியே அழுகுறா பாரு என்று ஒருத்தி சொன்னது என் காதில் விழுந்தது, பெற்ற பிள்ளைபோல வளர்த்தவனுக்கு அழுவதையும் நடிப்பு என்கிறார்களே என்று நெஞ்சு எரிந்தது, அப்போது சேவுகன் அண்ணன் உள்ளே வந்தார், வாயைச் சுற்றி வெள்ளைச் சாயம் சரியாகத் துடைபடவில்லை, பூமிநாதனின் காலைப் பிடித்துக்கொண்டு விக்கி அழுதார், விக்கலுக்குத் தோள் குலுங்கியது, மேடையிலும் அப்படித்தான் குலுக்குவார், யாரோ ஒரு பிள்ளை சிரித்தது, பின்னால் பெரியவர்களும் சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள், நானும் நிமிர்ந்து சந்தேகத்தோடுதான் அவர் முகத்தைப் பார்த்தேன், இப்போது என்ன சொல்லப்போகிறாரோ என்று காத்திருந்தேன், சாயம்தான் கரைந்து சட்டையில் வடிந்துகொண்டிருந்தது. நான் நகர்ந்து என் பக்கத்தில் அவருக்கு இடம் விட்டேன். அப்புறம்தான் சிரிப்பு நின்றது.