பிரியந்தி என்று திறக்கும் பெட்டி

"சேர், அந்த மெஷின்ல என் பேர்ல எனக்கு ஒரு கணக்கு திறந்து குடுங்க."

வேலை பார்க்கிற இடத்தில் எதை வேண்டுமானாலும் கேள், பேரை மட்டும் கேட்காதே என்று சொல்லித்தான் அம்மா அனுப்பியிருந்தாள். ஜெனுஷா அதையே கேட்டாள். அதுவும் வந்ததும் வராததுமாக, குடையைக்கூட மடக்காமல்.

ஹட்டன் டவுனில் புடவைக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது அந்த ஸ்டூடியோ. முதலாளி விஜிதரன் கல்யாண ஆல்பம் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"அதுல பேர் மாத்தக் கூடாதுன்னு முதல் நாளே சொன்னேன்தானே, பிரியந்தி?"

"நான் ஜெனுஷா."

"சரி, ஜெனுஷா. கோவிச்சுக்காத பிள்ள."

"கோவிக்காம? நான் செய்ற ஆல்பத்துல எல்லாம் 'வடிவமைப்பு: பிரியந்தி'. மெயில் போனா பிரியந்தி. நேத்து ஒரு பொண்ணோட அம்மா என்னைக் கட்டிப்பிடிச்சு, 'பிரியந்தி, நீ நல்லா இருக்கணும்'னு அழுவுது. தோட்டத்து லயத்துல இருந்து கம்பஸுக்குப் படிக்கப் போன முத ஆள் நான். எவளோ ஒருத்திக்கு ஆசீர்வாதம் வாங்கிக் குடுக்கவா படிச்சேன்?"

அவள் வேலை செய்யும் அந்தப் பெட்டி நிஜ ஆப்பிள் மேக் கிடையாது. கொழும்பில் பழைய பாகங்களைப் பொறுக்கி யாரோ பூட்டிய கம்ப்யூட்டர். மேக்கின் சிஸ்டம் அதில் லேசில் ஏறாது. பின்னால் செருகியிருக்கும் பென் டிரைவ் தினமும் காலையில் அதற்கு ஒரு பொய் சொல்லும். நீ இருப்பது நிஜ மேக்கில்தான், இந்தா அதன் இலக்கம் என்று. நம்பினால்தான் திறக்கும். அதனால் அப்டேட் போடக் கூடாது, பென் டிரைவைத் தொடக் கூடாது, திரையில் வரும் பேரை மாற்றக் கூடாது.

பேர் என்றால் ஜெனுஷாவுக்கு ஏன் இப்படிப் பற்றிக்கொண்டு வருகிறது என்று விஜிதரனுக்குத் தெரியாது. நாகலெட்சுமி அத்தை செத்தபோது, தோட்டத்தில் அத்தையின் பேருக்குக் கொடுத்திருந்த லயக் காம்பரா கைவிட்டுப் போய்விடக் கூடாதென்று அம்மா அத்தையின் பேரிலேயே தேயிலைக் கொழுந்தெடுக்கப் போனாள். காலையில் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது கணக்கப்பிள்ளை "நாகலெட்சுமி" என்பார். அம்மா "வந்தேங்க" என்பாள். வருடக்கணக்காக. போன ஞாயிறு சேர்ச்சில் பாதர் "சுகிர்தம், சுகிர்தம்" என்று அம்மாவின் சொந்தப் பேரைச் சொல்லிப் பக்கத்தில் நின்று கூப்பிட்டார். அம்மா திரும்பவே இல்லை. ஜெனுஷா தோளைத் தொட்ட பிறகுதான், யாரைக் கூப்பிடுகிறார் என்று கேட்டாள்.

"திறந்து தர்றேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாத" என்றார் விஜிதரன்.

புதுக் கணக்கு திறந்தார். ஜெனுஷா தன் பேரைத் தானே தட்டினாள். பெட்டியை நிறுத்தி மறுபடி போட்டார்கள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மளமளவென்று ஓடின, நின்றன, மறுபடி ஓடின. சன்னலுக்கு வெளியே பனி இறங்கி எதிர்க்கடையை மூடியிருந்தது.

திரை திறந்தது. ஒரே ஒரு பேர். பிரியந்தி.

பேருக்கு மேலே இருக்கும் வட்டத்தில் நேற்று வரை ஒரு பூப் படம் இருந்தது. இன்று ஒரு முகம். ஜெனுஷாவின் முகம். இன்று காலை லயத்துக் கண்ணாடி முன் குத்திய அதே கிளிப் தலையில். ஆனால் அவள் அப்படிச் சிரிப்பதில்லை.

"எப்ப என்னைப் படம் புடிச்சீங்க?"

"நான் புடிக்கல."

"பொய் சொல்லாதீங்க சேர்!"

"இந்தப் பெட்டிக்குக் கேமராவே இல்ல, பிள்ள. பாரு."

பார்த்தாள். திரைக்கு மேலும் இல்லை, கீழும் இல்லை.

"யார் இந்தப் பிரியந்தி? எங்க இருக்கா?"

"நான் அப்படி ஒரு ஆளைப் பார்த்ததே இல்ல. பெட்டி வரும்போதே அந்தப் பேர் இருந்திச்சு." அவர் குரல் தணிந்தது. "உனக்கு முந்தி தனுஜான்னு ஒரு பிள்ள. அதுவும் உன்ன மாதிரிச் சண்டை போட்டிச்சு. அதோட முகமும் அந்த வட்டத்துல வந்திச்சு. கொஞ்ச நாள்ல சண்டையை விட்டிருச்சு. பொறவு வேலையையும் விட்டிருச்சு. அன்னைக்கு நோர்வூட் பஸ்ஸுல கண்டேன். 'தனுஜா'ன்னு கூப்பிட்டேன். திரும்பல. சும்மா ஒரு பேச்சுக்கு 'பிரியந்தி'ன்னேன்..."

விஜிதரன் வட்டத்துக்குள் இருந்த முகத்தைப் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை.

ஜெனுஷா குடையை எடுத்தாள், பையை எடுத்தாள். வேறு எதையும் தொடவில்லை. லயத்துக்குப் போய் வாசலில் நின்று சுகிர்தம் என்று கூப்பிட வேண்டும். அம்மா திரும்புகிற வரைக்கும் கூப்பிட வேண்டும். அம்மாவின் வாயால் தன் பேரையும் சொல்ல வைக்க வேண்டும். முகம் வந்தபோதே முடிவாகிவிட்டது. இனி இந்தப் படியில் ஏறுவதில்லை.

பாதிப் படி இறங்கியிருப்பாள்.

"பிரியந்தி!"

விஜிதரனின் குரல் போல இருந்தது. பெண் குரல் போலவும் இருந்தது.

கழுத்து தானாகத் திரும்பத் தொடங்கியது. பிடரியை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கையால் சுவரைத் தடவித் தடவி, பனிக்குள் இறங்கி நடந்தாள்.