மிதித்தால் ஓடும் வண்டி

விளையாட்டு ஆசிரியர் படிவத்தில் இரண்டு குறைகளை எழுதினார். பிரேக் பிடிக்கவில்லை. சக்கரம் சுற்றவில்லை. இரண்டும் சேர்ந்தாற்போல ஒரே வண்டியில் எப்படி இருக்க முடியும் என்று அவருக்குத் தோன்றவில்லை. இந்த வண்டியைப் பந்தயத்தில் விட முடியாது என்று சொல்லிவிட்டு, பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

வண்டிக்காரிக்குப் பத்து வயது. வீட்டில் அவளை மிளகு என்பார்கள். உருவத்தைப் பார்த்து வைத்த பேர், பேச ஆரம்பித்த பிறகு வாய்க்கும் பொருந்திவிட்டது. ஆறு ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் அவளும் சேர்ந்து செய்த வண்டி அது. பழைய அலமாரிப் பலகை, குழந்தைத் தள்ளுவண்டியிலிருந்து கழற்றிய நான்கு சக்கரங்கள், திருப்புவதற்கு ஒரு கயிறு. மோட்டார் கிடையாது. பள்ளிக்குப் பின்னால் இறங்கும் சரிவுச் சாலையில் உருண்டு போவதுதான் பந்தயம். குழந்தையும் பெற்றோரில் ஒருவரும் தாங்களே செய்திருக்க வேண்டும் என்பது விதி. வரிசையில் நின்ற வண்டிகளில் பாதி கடை வண்டி, ஒட்டிய விலைச்சீட்டைச் சுரண்டிய தடம்கூடப் போகவில்லை. அவற்றில் ஆசிரியர் ஒரு குறையும் காணவில்லை.

அம்மா லிஃப்ட் மெக்கானிக். வண்டியில் முதலில் வைத்தது எல்லாரும் வைக்கிற பிரேக்தான். குடியிருப்பின் கார் நிறுத்துமிடச் சரிவில் ஓட்டிப் பார்த்தபோது, வேகம் பிடித்ததும் மிளகு பயந்து இரண்டு காலையும் மேலே தூக்கிக்கொண்டாள். வண்டி நேரே போய்ச் சுவரில் முட்டியது. முழங்கைக்கு மருந்து போட்டபடி, மிதிக்க வேண்டியதுதானே என்று அம்மா கேட்டாள்.

“பயம் வந்தா காலைத் தூக்கிடறேன்மா. தூக்கினா நிக்கிற மாதிரி பண்ண முடியாதா?”

அம்மா கையிலிருந்த பஞ்சைக் கீழே வைத்தாள். லிஃப்டின் பிரேக் அப்படித்தான் வேலை செய்கிறது. ஸ்பிரிங் எப்போதும் அதை இறுக்கிப் பிடித்திருக்கும். மின்சாரம் வந்தால்தான் பிடி விடும், போனால் தானே கவ்விக்கொள்ளும். பயிற்சியில் தனக்கு மூன்று நாள் நடத்திய பாடத்தை இவள் ஒரு சிராய்ப்பில் எட்டிவிட்டாள் என்று அன்று அவள் வீட்டில் எல்லாரிடமும் சொன்னாள். எல்லாரும் என்றால் மிளகின் அப்பா ஒருவர்தான். அடுத்த ஞாயிறு, கழித்துப்போட்ட லிஃப்ட் கதவின் ஸ்பிரிங் இரண்டும், டயர் துண்டு ஒட்டிய கட்டை இரண்டும் பின்சக்கரங்களுக்கு வந்தன. பெடலை மிதித்தால் கட்டை விலகி வண்டி ஓடும். காலை எடுத்தால் நிற்கும்.

பந்தயத்தன்று ஆசிரியர் பெடலைக் கையால் அமுக்கித் தள்ளினார், உருண்டது. அமுக்காமல் தள்ளினார், அசையவில்லை. அவ்வளவுதான் சோதனை.

அம்மா விளக்கினாள். அவர் அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தபடி, உங்க வீட்டுக்காரரைக் கூப்பிடுங்க, அவர்கிட்ட பேசிக்கிறேன் என்றார். துணிக்கடை விற்பனையாளரான வீட்டுக்காரர் தண்ணீர்ப் பாட்டிலோடு வந்தார்.

“எனக்கு சைக்கிளுக்குக் காத்தடிக்கவே வராது சார். நீங்க அவங்ககிட்டயே கேளுங்க.”

“பிரேக்குன்னா மிதிச்சா நிக்கணும் சார். உலகம் பூரா அப்படித்தான்,” என்றார் ஆசிரியர், அப்போதும் அப்பாவிடமே.

இந்தப் பள்ளியின் மூன்று மாடிக்கும் தினமும் நீங்கள் போய்வருவது இதே பிரேக்கை நம்பித்தான் என்று அம்மா சொன்னாள். லிஃப்ட் வேறு, வண்டி வேறு என்று அவர் சிரித்தார். குழந்தைகள் விஷயத்தில் பெரியவர்கள் கோபப்படக் கூடாது என்றும் சேர்த்துக்கொண்டார். அம்மாவுக்குக் காது மடல் சூடேறியது. பதினெட்டு வருஷமாக எத்தனையோ கட்டடங்களில் இந்தச் சிரிப்பை அவள் பார்த்திருக்கிறாள். இன்று மகளும் பக்கத்தில் நின்று அதைப் பார்க்கிறாளே என்று திரும்பினாள்.

ஆனால் மகள் அங்கே இல்லை. பெடலைக் கையால் அமுக்கியபடி வண்டியை உருட்டிக்கொண்டு போய், தொடக்கக் கோட்டின் நடுவில் சரிவைப் பார்த்து நிறுத்தி, அதில் ஏறி உட்கார்ந்து, காலை மடித்துச் சம்மணம் போட்டிருந்தாள். மற்ற பதினொரு வண்டிகளுக்கும் உருண்டுவிடாமலிருக்கச் சக்கரத்தடியில் செங்கல் வைத்திருந்தார்கள். மிளகின் வண்டிக்கு அடியில் எதுவும் இல்லை.

எழுந்திரு, வண்டியை எடு என்றார் ஆசிரியர். அவள் அசையவில்லை. அவர் பின்னாலிருந்து தள்ளினார். கணக்கு ஆசிரியர் வந்து கயிற்றைப் பிடித்து இழுத்தார். சக்கரங்கள் கீச்சிட்டு, சாலையில் இரண்டு கறுப்புக் கோடு போட்டு, ஒரு சாண் நகர்ந்தன. இருவரும் மூச்சு வாங்கக் கையை எடுத்தார்கள். சரிவில் வண்டி விட்ட இடத்திலேயே நின்றது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

“பெடலை மிதிம்மா,” என்றார் விளையாட்டு ஆசிரியர், வியர்வையைத் துடைத்தபடி. “அப்பதானே நகரும்.”

“மிதிச்சா நிக்கணும்னீங்களே சார்.”

அவர் பின்சக்கரத்தைப் பார்த்தார், ஸ்பிரிங்கைப் பார்த்தார், பதினொரு செங்கல்லையும் பார்த்தார். பிறகு, அன்று முதன்முறையாக, அம்மாவைப் பார்த்தார். தள்ள வந்தபோது அவர் கீழே வைத்த படிவத்தை அம்மா எடுத்து நீட்டினாள். முதல் குறையை மட்டும் அடித்துவிட்டு அவர் பேனாவை மூடப் போனார்.

“ரெண்டாவதும் சார்,” என்றாள் மிளகு. அதையும் அவர் அடித்து முடிக்கும்வரை அவள் மடித்த காலைக் கீழே இறக்கவில்லை.