எல்லாம்மாள் அண்டா

1

இந்தக் கதையில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். எழுத உட்காருமுன் உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றியே சொன்னேன். கை சுட்டதால் பாதியில் ஊதி அணைத்துவிட்டேன். அதற்குள் முக்கால் சத்தியம் முடிந்திருந்தது.

கதை பிறந்த இடத்தையும் ஒளிக்கவில்லை. போன மாதம் டாக்டர் என் வயிற்றை அமுக்கிப் பார்த்து, “உள்ளே கல்லு இருக்கும்போல. உங்க ஊர்ல உப்புத் தண்ணியா பெரியவரே?” என்றார். படித்த மனுஷன் அவ்வளவு அக்கறையாகக் கேட்கும்போது ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னால் மரியாதையாக இருக்காது. “உப்பா? எல்லம்மாள் அண்டா கதை கேட்டதில்லையா?” என்று ஆரம்பித்தேன். வெளியே பதினோரு பேர் காத்திருந்ததால் அவர் பாதியில் எழுந்துவிட்டார். ஆகவே முழுக் கதை உங்களுக்கு.

2

“உத்திரமேரூருக்கு இரண்டு கல் தொலைவில் கதிரவன் தன் பொற்கதிர்களை...”

வேண்டாம். கதிரவனுக்கு இதில் வேலை இல்லை.

“1979ஆம் வருஷம், எல்லம்மாளின் கண்களில் சொல்லொணாத...”

இதுவும் வேண்டாம். அண்டாவிலிருந்தே தொடங்குகிறேன்.

எல்லம்மாள் தென்னேரியிலிருந்து வாழ வந்தபோது தாய்வீட்டுச் சீராக ஒரு செம்பு அண்டா கூட வந்தது. நாலு குடம் பிடிக்கும். விளிம்புக்குக் கீழே பெயர் வெட்டியவர் கை வேகத்தில் ஒரு கால் கூடுதலாகத் தட்டிவிட்டார்: *எல்லாம்மாள்*. (இந்தக் கதை நிற்பது அந்த ஒற்றைக் காலில்.) அடுத்த வருஷமே அம்மா போய்ச் சேர்ந்தாள். அம்மா என்று சொல்லித் தொட்டுக்கொள்ள எல்லம்மாளுக்கு மிஞ்சியது அந்த அண்டாதான்.

புழக்கடை அடுப்பில் பன்னிரண்டு வருஷம் அதில் வெந்நீர் காய்ந்தது. கிணற்றுத் தண்ணீரோ பருப்பு வேகாத தண்ணீர், சோப்பு நுரைக்காது, தலைக்குக் குளித்தால் முடி தேங்காய் நாராகும். அண்டாவுக்குள் உப்பு ஏடு ஏடாகப் படிந்து கல்லானது. நாலு குடம் பிடித்தது மூன்று பிடித்தது, பிறகு இரண்டு, கடைசியில் இரண்டு சொம்பு. புளி போட்டுத் தேய்த்தால், புளி தின்றதைவிட அதிகமாக மறுநாளே படிந்தது. சூடு கல்லைத் தாண்டி உள்ளே போவதற்குள் விறகு தீர்ந்துவிடும். வெள்ளிக்கிழமைத் தலைமுழுக்குக்கு எல்லம்மாளின் புருஷன் வேதாசலம் புதன்கிழமையே அடுப்பு மூட்டவேண்டியிருந்தது.

3

அந்தப் பன்னிரண்டாம் வருஷம் வேதாசலமும் தம்பி சுப்பிரமணியும் பாகம் பிரிந்தார்கள். மாடு, கலப்பை, குதிர் எல்லாம் சச்சரவில்லாமல் பிரிந்தன. அண்டாவில் வந்து நின்றது. சுப்பிரமணியின் பெண்டாட்டி சுலோச்சனாதான் ஆரம்பித்தாள்.

“அண்டா உன்துதான்க்கா. யாரு இல்லன்னாங்க? உள்ள கீற கல்லு யாருது? பொதுக் கெணத்துத் தண்ணி. எங்க வூட்டுக்காரரு எறைச்சது. அதுல பாதி எனக்கு.”

“உப்புக்காடி அலையற? ஒரு படி வாங்கித் தரேன், எடுத்துக்கினு போ.”

“கடை உப்பு வாணாம். குடும்ப உப்புதான் வேணும்.”

(இந்த இடத்தில் எனக்கே சுலோச்சனாமேல் சந்தேகம் வந்தது. உப்புக் கல்லை வைத்துக்கொண்டு ஒருத்தி என்ன செய்வாள்? அவளையே கேட்டேன். “பல்லு வெளக்குவேன். உனுக்கின்னா பெரியவரே?” என்றாள். கதையில் வருகிறவர்கள் இப்படிப் பேசினால் எழுதுகிறவன் ஒதுங்கிக்கொள்ள வேண்டியதுதான்.)

பஞ்சாயத்துக்கு வந்த பெரியதனக்காரர் தாண்டவராயன் அண்டாவுக்குள் தலையை விட்டுப் பார்த்து, “ஞாயந்தான்” என்றார். உள்ளிருந்து முழங்கியதால் தெய்வ வாக்குப்போல இருந்தது, யாரும் மறுக்கவில்லை. கல்லில் பாதியைப் பெயர்த்துக் கொடுக்கவேண்டும் என்று தீர்ப்பு. உளி பட்டால் செம்பு கிழிந்துபோகுமே என்று எல்லம்மாள் அண்டாவைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

4

அம்மி கொத்தும் செங்கேணியை அழைத்து வந்தார்கள். அவள் உளியால் ஒரே ஒரு தட்டு தட்டி, காதை வைத்துக் கேட்டாள்.

“ம்மா, இது ஒட்டிக்கினு இல்ல. சும்மா குந்திக்கினு கீது. தண்ணி ஊத்தாம காய வையி. செம்பு பூரிக்கும், கல்லு பூரிக்காது. அப்பால கவுத்துடு.”

வேதாசலம் அடுப்பு மூட்டினார். காய்ந்த அண்டாவை நாலு பேர் சாக்கு சுற்றிக் கவிழ்த்தார்கள். கேழ்வரகுக் களி உருண்டைபோல ஒரு முழுக் கல் அண்டா விரிசலில்லாமல் வழுக்கி வெளியே வந்தது. செம்புக்கு ஒரு கீறலும் இல்லை. பன்னிரண்டு வருஷம் கழித்து அதன் அடியைப் பார்த்த எல்லம்மாளுக்கு அம்மாவின் முகத்தையே பார்த்ததுபோல இருந்தது.

“ஆச்சி. ஆளுக்கு ஒண்ணு,” என்று சுலோச்சனா கல் அண்டாவின்மேல் கை வைத்தாள்.

எல்லம்மாள் குனிந்து பார்த்தாள். கல்லிலும் விளிம்புக்குக் கீழே எழுத்து: *எல்லாம்மாள்*.

(முதல் வரைவில், எழுத்து இடவலம் மாறி விழுந்தது என்று எழுதியிருந்தேன். பிறகு யோசித்தேன். வெளியே தட்டிய எழுத்து உள்ளே புடைக்கும்; புடைப்பில் படிந்த கல்லில் பள்ளம் விழும்; அதை வெளிப்பக்கமிருந்து படித்தால் நேராகத்தான் இருக்கும். பொய் சொன்னாலும் கணக்கு... ‘பொய்’ என்ற சொல்லை அடித்துவிட்டுப் படிக்கவும்.)

“படிச்சிப் பாருடி. எல்லாம் அம்மாளுக்கு!”

“அது எழுத்துப் பிழைக்கா.”

“செம்புல பிழை. கல்லு தானா வளந்துது, அதுக்கு யாரு வெட்டனாங்க? எங்கம்மா சொல்லி அனுப்பிச்சிகீது.”

சுலோச்சனா இடுப்பிலிருந்து ரேஷன் கார்டை உருவினாள்.

“சரி, எந்த அம்மாளுக்குன்னு போட்டுகீதா? ரேஷன் கார்டுல என் பேரு இன்னா? சுலோச்சனா அம்மாள்! அப்போ செம்பும் எனக்குத்தான்.”

எல்லம்மாள் சட்டென்று செம்பின்மேல் ஒரு கையை வைத்தாள். ஒரு கல்லுக்கு ஆசைப்பட்டு அம்மாவின் அண்டாவையே சபையில் வைத்துவிட்டாளே!

5

இங்கே இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: கல் அண்டா சுலோச்சனாவுக்குப் போகிறது. அவள் அதில் புளிக்குழம்பு வைக்க, குழம்போடு அண்டாவும் கரைந்துபோகிறது. சுப்பிரமணி ஒரு வாய் தின்றுவிட்டு, “உப்பு தூக்கல்” என்கிறான். பெண்டாட்டியிடம் அப்படிச் சொல்லும் தைரியம் அவனுக்கு ஏது? அடித்துவிட்டேன்.

இரண்டு: ஓரகத்திகள் கட்டிக்கொண்டு அழுது ஒன்றாகிறார்கள். எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஆகவே அப்படியே விட்டுவைத்திருக்கிறேன். எல்லம்மாள் செம்பில் ஒரு கையும் கல்லில் ஒரு கையுமாக நிற்கிறாள். எதிரே சுலோச்சனா ரேஷன் கார்டோடு நிற்கிறாள். தாண்டவராயன் மறுபடி தீர்ப்புச் சொல்ல அண்டாவுக்குள் தலையை விட்டிருக்கிறார். எந்த அண்டா என்பதுகூட உங்கள் விருப்பம். தீர்ப்பை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கால் மட்டும் கூடுதலாகப் போட்டுவிடாதீர்கள்.

டாக்டரிடம் சொல்ல விட்டுப்போன விவரம் ஒன்று இருக்கிறது: எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் துவரம்பருப்பு ஒரே கொதியில் குழைந்துவிடும்.